ஊரைக் கேட்டு முடிவெடுத்தார்களா?

1953-ம் ஆண்டு, செப்டம்பர் 30-ம் தேதி ராத்திரி. திருத்தணியில் ஒரு கடைக்காரர் கல்லாவைப் பூட்டி, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்தது சென்னை ராஜ்யத்தில். காலையில் கண் விழித்தது ஆந்திராவில்! மனிதர் மூட்டை கட்டவில்லை. ரயில் ஏறவில்லை. புரண்டுகூடப் படுக்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மாநிலம்தான் அவருக்கு அடியில் நகர்ந்து போயிருந்தது.

ஆறரை வருஷம் கழித்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி காலை. அதே வீடு, அதே பாய். எழுந்து பார்த்தால் மறுபடியும் சென்னை ராஜ்யம்! தேதியைப் பார்த்துவிட்டு, யாரோ விளையாடுகிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

விளையாட்டு இல்லை. பார்லிமென்ட்டில் சட்டம் போட்டு, கெஜட்டில் அச்சடித்து நடந்த சமாச்சாரம். போகும்போதும் சரி, வரும்போதும் சரி... அந்தக் கடைக்காரரிடம் யாராவது, ‘ஐயா, உங்க ஊர் எந்தப் பக்கம் இருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க?’ என்று வாய் திறந்து கேட்டார்களா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டுவோம். ஏனென்றால், தெருவிளக்கு எரியவில்லை என்று இன்றைக்கு நாம் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமே, அந்த விவகாரத்துக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது.

முதலில், திருத்தணி எப்படி ஆந்திராவுக்குப் போனது?

பழைய வடஆற்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்டிருந்த பகுதி அது. 1911-ல் வெள்ளைக்கார அரசாங்கம், நிர்வாக வசதிக்காக வடஆற்காட்டிலிருந்து ஒரு பகுதியையும் கடப்பையிலிருந்து ஒரு பகுதியையும் எடுத்துச் சேர்த்து, சித்தூர் என்று ஒரு புது மாவட்டம் செய்தது. திருத்தணி அதில் போய்ச் சேர்ந்தது. அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. எந்த மாவட்டமானால் என்ன, எல்லாம் ஒரே சென்னை மாகாணம்தானே! கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழி மாறியது, அவ்வளவுதான்.

ஆனால், எங்கோ ஓர் ஆபீஸில் சௌகரியத்துக்காகப் போடுகிற கோடு, நாற்பது வருஷம் கழித்து ஊரையே பிடித்து இழுக்கும் என்பதற்கு திருத்தணி ஓர் உதாரணம்.

1952 டிசம்பர் 15. தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு, 58-வது நாள் உயிரை விட்டார். ஆந்திரப் பகுதிகள் கொந்தளித்தன. நாலே நாளில், ‘ஆந்திர மாநிலம் அமையும்’ என்று பிரதமர் நேரு அறிவித்தார். சர்ச்சை இல்லாத தெலுங்குப் பகுதிகள் மட்டும், சென்னை நகரம் சேராது என்றுதான் அறிவிப்பு. ஆனாலும், ‘மதராஸ் மனதே’ (சென்னை நமதே) என்ற கோஷம் அடங்குவதாக இல்லை. புது மாநிலம் அமைப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி வாஞ்சு, 1953 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். ‘ஆந்திராவின் தலைநகரம் தற்காலிகமாக சென்னையிலேயே இருக்கலாம்’ என்றது அது.

‘தற்காலிகம்’ என்ற வார்த்தையை நம் ஊரில் யார் நம்புவார்கள்? சென்னையில் பகீர் என்றது.

இங்கேதான் நம் கதைக்குள் ஒரு நகர சபை நுழைகிறது. சென்னை மாநகராட்சி! அப்போது மேயர் த.செங்கல்வராயன். தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானம், அந்த மன்றத்தில் ஆல்டர்மேன். மாநகராட்சி மன்றம் கூடியது. சென்னை தமிழர்களுக்கே உரியது, ஆந்திராவின் தலைநகரம் தற்காலிகமாகக்கூட இங்கே இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று ம.பொ.சி. கொடுத்த கோஷம் வீதிவீதியாக ஒலித்தது.

யோசித்துப் பாருங்கள். குப்பை அள்ளுவது, சாக்கடை தோண்டுவது, லைசென்ஸ் கொடுப்பது... இதற்காக ஏற்பட்ட சபை அது. மாநில எல்லை, தலைநகரம் இதெல்லாம் அதன் வேலையே இல்லை. சட்டப்படி அந்தத் தீர்மானத்துக்கு ஒரு காலணா மதிப்பு கிடையாது. ஆனாலும் அது டெல்லி வரைக்கும் கேட்டது. ஏன்? ஒரு கட்சி கேட்பது வேறு, ஒரு தலைவர் கேட்பது வேறு. ‘இந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாங்கள் சொல்கிறோம்’ என்று ஓர் ஊரே எழுதிக் கொடுப்பது வேறு.

1953 மார்ச் 25-ம் தேதி, நேரு பார்லிமென்ட்டில் தெளிவாகச் சொன்னார். ஆந்திராவின் தலைநகரம் ஆந்திர எல்லைக்குள்தான் இருக்கும். அதன்படியே கர்நூல் தலைநகரமானது.

அந்தத் தீர்மானத்தால் மட்டும்தான் சென்னை நமக்குக் கிடைத்தது என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். முதலமைச்சர் ராஜாஜி, வாஞ்சு யோசனைக்கு ஒரேயடியாகக் குறுக்கே நின்றார். 1949-லேயே நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் கமிட்டி, சென்னை மீதான உரிமையை ஆந்திரர்கள் கைவிட வேண்டும் என்று சொல்லியிருந்தது. இத்தனையும் சேர்ந்துதான் முடிவு வந்தது. ஆனால், இத்தனைக்கும் நடுவில் ஊரின் குரல் என்று ஒன்று பதிவானதே, அது மாநகராட்சி மன்றத்தில் பதிவானதுதான்.

இப்போது அப்படியே கண்ணை வடக்கே திருப்புங்கள். திருத்தணி!

அங்கே ரிப்பன் மாளிகை மாதிரி கட்டடம் கிடையாது. மேயர் கிடையாது. ஆல்டர்மேன் கிடையாது. பத்திரிகைகள் எல்லாம் சென்னையில். தலைநகரைக் காப்பாற்றிய கையோடு தமிழ்நாடு கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சித்தூர் மாவட்டம் முழுசாக ஆந்திராவோடு போனது. சர்ச்சைக்குரிய தாலுகாக்களை அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. திருத்தணியும் அதோடு போயிற்று. இத்தனைக்கும், அந்தத் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அப்போது நாட்டின் துணை ஜனாதிபதி!

ஊர் சும்மா இருந்துவிடவில்லை. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் அதற்கு முன்பே அந்தப் பகுதியில் ஊர் ஊராகப் போய் தமிழ் சொல்லிக் கொடுத்து, வடக்கு எல்லையின் நிலைமையை எடுத்துச் சொல்லி, ஜனங்களைத் தட்டி எழுப்பியிருந்தார். ம.பொ.சி-யை அந்தப் பக்கம் அழைத்து வந்ததும் அவர்தான். திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகம் போன்றவர்கள் கைகோத்தார்கள். ‘வேங்கடத்தை விட மாட்டோம்’ என்று கோஷம் கிளம்பியது. கடையடைப்பு, மறியல், தடையை மீறிக் கூட்டம், கைது, சிறை. எல்லைப் போராட்டத்தில் சிறை சென்று உயிரை விட்டவர்கள் என்று கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் என இரண்டு பெயர்களை இன்றும் சொல்கிறார்கள்.

கவனித்தீர்களா? சென்னைவாசி தன் கருத்தைச் சொல்ல, மன்றத்தில் கை தூக்கினால் போதுமாக இருந்தது. திருத்தணிவாசி அதே கருத்தைச் சொல்ல, ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. ஊருக்கு என்று பேசுவதற்கு வலுவான ஒரு சபை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சரி, கடைசியில் எப்படித் தீர்ந்தது?

எச்.வி.படாஸ்கர் என்று ஒரு சட்ட நிபுணர். மத்திய அமைச்சராக இருந்து இந்து திருமணச் சட்டத்தை பார்லிமென்ட்டில் நிறைவேற்றிக் கொடுத்தவர். அவரை மத்தியஸ்தராகப் போட்டார்கள். சென்னையில் காமராஜ், ஆந்திராவில் சஞ்சீவ ரெட்டி. இரண்டு முதலமைச்சர்களும் நிதானஸ்தர்கள். படாஸ்கர் ஒரு சூத்திரம் வைத்தார். ஒரு கிராமம்தான் கணக்குக்கு அலகு. 1951 ஜனத்தொகைக் கணக்கில் அந்த கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் பெரும்பான்மையோ, அந்தப் பக்கம். ஆனால், அந்த கிராமம் எல்லையை ஒட்டி, தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் தீவு மாதிரி இருந்தால் செல்லாது.

இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. 1959-ல் பார்லிமென்ட் எல்லை மாற்றச் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் அமல். ஏறத்தாழ 400 சதுர மைல் இந்தப் பக்கம் வந்தது. ஏறத்தாழ 325 சதுர மைல் அந்தப் பக்கம் போனது. நமக்குத் திருத்தணி, பள்ளிப்பட்டு. அவர்களுக்கு சத்தியவேடு பகுதி. திருப்பதி கிடைக்கவில்லை. துப்பாக்கிச் சூடு இல்லாமல், இரண்டு மாநிலங்கள் கொடுக்கல் வாங்கல் முறையில் எல்லையைத் திருத்திக்கொண்டது நம் நாட்டில் அபூர்வமான சங்கதி. அதற்காக மூவருக்கும் ஒரு சபாஷ் போடலாம்.

ஆனாலும் நம் கேள்வி அப்படியே நிற்கிறது. ஊரைக் கேட்டார்களா?

ம்ஹூம். தலையைத்தான் எண்ணினார்கள்! அதுவும், 1951-ல் வேறு எதற்கோ எடுத்த கணக்கை வைத்து எண்ணினார்கள். கணக்கெடுக்க வந்தவர், ‘உங்க தாய்மொழி என்ன?’ என்றுதான் கேட்டிருப்பார். ‘உங்க ஊர் எங்கே இருக்கணும்?’ என்று கேட்கவில்லை. இரண்டும் ஒரே கேள்வி இல்லை. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று வாழ்கிற குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் மாதிரி நெசவாளர் ஊர்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு பாஷையும் கலந்துதான் காதில் விழும். பட்டியலில் அவர்கள் ஒரே ஒரு கட்டத்துக்குள்தான் அடங்க வேண்டியிருந்தது. சத்தியவேடு பக்கத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதிதான், திசை மட்டும் வேறு.

‘சரி, அப்போ ஊர் சபை கூடித் தீர்மானம் போட்டால் போதுமா? அதை அரசாங்கம் கேட்டுக்குமா?’ என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இதே எல்லைத் தகராறு, இதே மாநகராட்சித் தீர்மானம். ஊர் மட்டும் வேறு... பெல்காம்!

கர்நாடகத்தில் இருக்கிற பெல்காமை (இன்றைய பெலகாவி) மகாராஷ்டிரம் பல காலமாகக் கேட்டு வருகிறது. மராத்தி பேசுகிறவர்கள் அங்கே அதிகம். 2005 அக்டோபரில் பெல்காம் மாநகராட்சி மன்றம், ‘எங்களை மகாராஷ்டிரத்தோடு சேர்த்துவிடுங்கள்’ என்று தீர்மானம் போட்டது. மேயர் விஜய் மோரே. என்ன ஆயிற்று? நவம்பரில் கர்நாடக அரசு அந்த மாநகராட்சியையே கலைத்துவிட்டது! பெங்களூருக்குப் போன மேயரின் முகத்தில், கன்னட ஆர்வலர்கள் கறுப்பு மை பூசினார்கள்.

1953-ல் சென்னை மாநகராட்சி செய்ததும், 2005-ல் பெல்காம் மாநகராட்சி செய்ததும் வடிவத்தில் ஒரே காரியம். சென்னைத் தீர்மானத்தை இன்றைக்கும் கொண்டாடுகிறோம். பெல்காம் தீர்மானத்தால் மன்றத்துக்கே பூட்டு விழுந்தது. யார் பக்கம் நியாயம் என்கிற வழக்குக்குள் நான் போகவில்லை. அது சுப்ரீம் கோர்ட் வரை போன விவகாரம். நாம் பார்க்க வேண்டியது வேறு. சென்னை மாநகராட்சியும் ராஜாஜியின் அரசும் ஒரே திசையில் பேசின. பெல்காம் மாநகராட்சி, தன் மாநில அரசுக்கு எதிர்த் திசையில் பேசியது. ஊர் பேசலாம்... ஆனால், மேலே இருப்பவர் விரும்புவதைப் பேசினால்தான் குரல் எடுபடும்!

‘இது இந்தியாவில்தான் சார், வெள்ளைக்கார தேசத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?’ என்று நினைக்கிறவர்களைக் கொஞ்சம் கனடா வரைக்கும் அழைத்துப் போகிறேன். நம்மவர்கள் ஏராளமாக வாழ்கிற டொராண்டோவுக்கே போவோம்.

ஸ்கார்பரோ என்ற பெயரை ஈழத்துச் சொந்தங்கள் இருக்கிறவர்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அது தனி மாநகரம். தனி மேயர், தனி மன்றம். 1996-ல் ஒன்டாரியோ மாகாண அரசு, ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க், பழைய டொராண்டோ ஆகிய ஆறையும் ஒன்றாக்கி ஒரே பெரிய மாநகரமாக்கப்போவதாகச் சொன்னது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1997 மார்ச்சில், ஆறு நகரங்களிலும் ஜன வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நாலில் மூன்று பேர், ‘வேண்டாம்’ என்றார்கள். மாகாண அரசு அதை மதித்ததா? இல்லை. 1998 ஜனவரி 1-ம் தேதி ஆறும் ஒன்றாயின.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். 2018 அக்டோபரில் டொராண்டோ மாநகர சபைக்குத் தேர்தல். 47 வார்டுகள். வேட்பாளர்கள் பெயர் கொடுத்து, நோட்டீஸ் அடித்து, வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஜூலை கடைசியில் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், ‘47 வேண்டாம், 25 போதும்’ என்று அறிவித்தார். ஆகஸ்டில் சட்டமும் வந்துவிட்டது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது மைதானத்தையே பாதியாக்கிய மாதிரி! 2017 இடைத்தேர்தலில் ஜெயித்து டொராண்டோ மாநகர சபைக்குள் நுழைந்த முதல் தமிழர் நீதன் சாண், இந்தப் புது வார்டு அமைப்பில் போட்டியிட்டுச் சொற்ப ஓட்டில் தோற்றார்.

மாநகராட்சி கோர்ட்டுக்குப் போனது. கீழ்க் கோர்ட், ‘இது தப்பு’ என்றது. மேல் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. கடைசியில், 2021 அக்டோபர் 1-ம் தேதி கனடா சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். மாகாண அரசு செய்தது செல்லும்! காரணம், 1867-ல் எழுதிய கனடா அரசியல் சட்டம், நகர சபைகளை மாகாணங்களின் கையில் கொடுத்திருக்கிறது. மாகாணம் பெற்ற பிள்ளைதான் நகர சபை. பெற்றவர் பெயர் வைக்கலாம், பெயரை மாற்றலாம், வீட்டை விட்டு வெளியேயும் அனுப்பலாம்.

அதே கனடாவில் கியூபெக் மாகாணம் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2002-ல் மான்ட்ரியல் தீவிலுள்ள சின்னச் சின்ன நகரங்களையெல்லாம் மான்ட்ரியலோடு சேர்த்தது. எதிர்ப்பு பலமானது. ஆட்சி மாறியதும், 2004-ல் அந்தந்த ஊரையே வாக்கெடுப்பு மூலம் கேட்டார்கள். 15 ஊர்கள், ‘எங்களைப் பிரித்து விடுங்கள்’ என்றன. 2006 ஜனவரி 1-ம் தேதி மறுபடியும் தனி நகரங்களாயின. ஆக, ஊரைக் கேட்பது என்பது நடக்காத காரியம் இல்லை. கேட்க வேண்டும் என்ற மனசுதான் வேண்டும்.

நம் அரசியல் சட்டத்தைப் பார்த்தால், கனடாவைக் காப்பியடித்த மாதிரியே இருக்கும். உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநில அரசு நினைத்தால் நகராட்சியை உருவாக்கலாம், எல்லையை விரிக்கலாம், பக்கத்துப் பஞ்சாயத்தை விழுங்க வைக்கலாம். சென்னை மாநகராட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1688-ல் பிறந்தது. கிழக்கிந்திய கம்பெனியின் சர் ஜோசையா சைல்டு என்ற தலைவருக்கு ஒரு யோசனை. கோட்டையிலிருந்து வரி போட்டால் ஜனங்கள் எதிர்க்கிறார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களையே உட்காரவைத்து ஒரு சபை அமைத்து, அவர்கள் வாயால் வரி போட்டால்? முணுமுணுக்காமல் கட்டிவிடுவார்களே! சாசனம் எழுதி, மேயர், 12 ஆல்டர்மேன் என்று சபை அமைத்தார்கள். ஆனால், ஜனங்கள் அவ்வளவு ஏமாளிகளாக இல்லை. வரிக்கு அப்போதும் எதிர்ப்புதான்!

அப்பேர்ப்பட்ட பழம் பெருமை கொண்ட சென்னை மாநகராட்சி மன்றத்தை, மஸ்டர் ரோல் ஊழல் புகாரைக் காரணம் காட்டி 1973-ல் மாநில அரசு கலைத்தது. அதற்குப் பிறகு தேர்தல்? ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. 23 வருஷம்! 1996-ல் மு.க.ஸ்டாலின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்படும் வரை, ஒரு முழுத் தலைமுறை, கவுன்சிலர் என்றால் என்ன என்றே தெரியாமல் வளர்ந்தது. எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும், யாருக்கும் அவசரம் இல்லை.

இப்படியெல்லாம் நடக்கக் கூடாது என்றுதான், 1992-ல் அரசியல் சட்டத்துக்கு 74-வது திருத்தம் கொண்டுவந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, நகராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 18 வேலைகளின் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் பிரமாதம். ஆனால் 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ம் தேதி! இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல், தனி அதிகாரிகளின் ராஜ்யம். வெள்ளம் வந்ததும், கொரோனா வந்ததும் கவுன்சிலர் இல்லாத காலத்தில்தான்.

இனி, திருத்தணிக்குத் திரும்பலாம்.

இன்றைக்கு அது திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம், 1953-ல் இல்லாத அந்தச் சபை, இப்போது இருக்கிறது. வருஷ நாட்களின் எண்ணிக்கையில் 365 படிகள் ஏறினால் முருகன். ஆடிக் கிருத்திகைக்கு காவடிகள் மலையை நிறைக்கும். அடிவாரத்தில் சரவணப் பொய்கையில் தெப்பம். டிசம்பர் 31-ம் தேதி ராத்திரி படித்திருவிழா. ஆந்திராவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். எல்லைக் கோடு அவர்கள் காலைத் தடுப்பதில்லை!

அத்தனை பேரும் மலையிறங்கி வீட்டுக்குப் போன பிறகு, ஊரில் மிஞ்சுவது என்ன? குப்பை, கழிவுநீர், தண்ணீர்த் தட்டுப்பாடு, சேதமான தெரு. இதில் யாருடைய வேலை எது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோயில், அறநிலையத் துறை. பெரிய ரோடு, நெடுஞ்சாலைத் துறை. குடிநீர்த் திட்டம், குடிநீர் வடிகால் வாரியம். பஸ், போக்குவரத்துக் கழகம். கூட்டத்தைச் சமாளிப்பது, போலீஸ். எல்லாம் மாநில அரசு. நகராட்சிக்கு மிச்சம்? குப்பையும் தெருவிளக்கும் சாக்கடையும், கூடவே திட்டு வாங்குகிற வேலையும்! திருவிழா எப்போது, பஸ் எத்தனை, வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது ஒருவர். மறுநாள் காலையில் துடைப்பத்தோடு வந்து நிற்பது இன்னொருவர்.

அதிகாரம் இல்லாவிட்டால் போகட்டும், வரி? 2022 மார்ச்சில்தான் புதுக் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். நாற்காலி சூடாவதற்குள், ஏப்ரலில் மாநில அரசு சொத்து வரியை உயர்த்தும் அறிவிப்பை வெளியிட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவிகிதம், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவிகிதம். 15-வது நிதி கமிஷன் மானியம் வேண்டுமென்றால் உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஆக, நிபந்தனை டெல்லியில். முடிவு கோட்டையில். தீர்மானம் போடுவது மட்டும் ஊர் மன்றத்தில்! ‘உங்க வரியை உங்க ஆளுங்களே போட்டாங்க’ என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா? 1688-ல் சைல்டு துரை போட்ட கணக்கு ஞாபகத்துக்கு வருகிறதா?

வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி இல்லாமல் ஊர் நடக்காது. எவ்வளவு, எதற்கு, எந்தத் தெருவுக்கு முதலில் என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தால், அது ஊரின் வரி. மேலிருந்து எழுதி வந்ததற்குக் கை தூக்கினால், அது வெறும் ரசீது.

‘அப்போ இந்தக் கவுன்சில் எல்லாம் வெத்துவேட்டுதானா சார்?’ என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 1953-ல் சென்னை மன்றத்துக்கு எந்த அதிகாரம் இருந்தது? ஒன்றும் இல்லை. ஆனால், ஊரின் பெயரால் ஒரு காகிதத்தில் எழுதி வைத்தது. டெல்லி அதைப் படித்தது. எழுபது வருஷம் கழித்தும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதிகாரம் இல்லாத சபைக்கும் வாய் உண்டு. அந்த வாயை யார் திறக்க வைப்பது என்பதுதான் விஷயம். அது கவுன்சிலரின் தைரியத்தை மட்டும் பொறுத்தது இல்லை. பின்னால் ஊர் நிற்கிறதா என்பதையும் பொறுத்தது.

நவம்பர் 1-ம் தேதிக்கு நம் காலண்டரில் இரண்டு பெருமை. 1956-ல் அந்த நாளில்தான் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. எல்லைக்காகப் போராடியவர்களை நினைத்துக்கொள்கிற நாள் அது. 2022-லிருந்து அதே நாள், தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் தினமும்கூட. கிராமசபை மாதிரி, நகரங்களில் வார்டுக்குள்ளேயே ஜனங்கள் கூடிப் பேசுகிற ‘ஏரியா சபை’ அந்த வருஷம்தான் ஆரம்பமானது. இந்த இரண்டு விசேஷமும் ஒரே தேதியில் விழுந்தது திட்டமிட்டதோ, தற்செயலோ... பொருத்தம் என்னவோ ரொம்ப நன்றாக இருக்கிறது.

உங்கள் வார்டில் ஏரியா சபை கூடுகிறதா என்று விசாரித்துப் பாருங்கள். கூடினால் போய் உட்காருங்கள். கூடவில்லை என்றால், ஏன் என்று கவுன்சிலரைக் கேளுங்கள். கால்வாயைப் பற்றிப் பேசுங்கள், திருவிழாக் குப்பையைப் பற்றிப் பேசுங்கள், வரி எங்கே போகிறது என்று கணக்குக் கேளுங்கள். பேசியதை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு காலத்தில் இதே மாதிரி ஊர் சார்பாக ஒரு வாக்கியம் சொல்வதற்கு, திருத்தணியில் மனிதர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. இன்றைக்குச் செலவு, ஒரு சாயங்காலம்தான்.